அடையாறு முகத்துவாரத்தில் குழுவாகப் பறவை பார்க்க: எந்தக் கரை, எந்த நேரம்?

மந்தைவெளி வாசகி

வணக்கம். எங்கள் தெருவிலும் பக்கத்துக் குடியிருப்பிலும் இருப்பவர்கள் சேர்ந்து, பொங்கல் முடிந்த கையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடையாற்றங்கரையில் பறவை பார்க்கப் போகலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். முகத்துவாரம் எங்களுக்கு நடந்து போகிற தூரம்தான், ஆனால் திரு.வி.க. பாலத்தைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. சேற்றில் கறுப்பும் வெள்ளையுமாக நீளக் காலோடு கூட்டமாக நிற்கிறதே, அது என்ன பறவை என்று என் பையன் கேட்டான், எனக்குப் பெயர் தெரியவில்லை, மாடியில் இருப்பவரைக் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை, அப்படியே பேச்சு வளர்ந்து இப்போது 25 பேர் வருவதாகச் சொல்கிறார்கள். அதில் பிள்ளைகள் எட்டு பேர், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இரண்டு பேர். எல்லோருக்குமாகச் சேர்த்து இரண்டே பைனாகுலர் இருக்கிறது.

எங்கே நின்று பார்ப்பது நல்லது? பட்டினப்பாக்கம் பக்கமா, பெசன்ட் நகர் பக்கமா, இல்லை பாலத்தின் மேலிருந்தே பார்த்தால் போதுமா? எத்தனை மணிக்குப் போக வேண்டும்? உடைந்த பாலத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா? நாற்றம் தாங்க முடியாமல் பாதியில் திரும்பி விடுவோமோ என்று சிலர் இப்போதே தயங்குகிறார்கள். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கூழைக்கடா

உங்கள் பையன் பார்த்தது நெடுங்கால் உள்ளான். இளஞ்சிவப்புக் கால், நேரான மெல்லிய கறுப்பு அலகு, கறுப்பு இறக்கை. அடையாற்றில் பறவை பார்க்க ஆரம்பிக்கிற எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

நேரம் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான குழுக்கள் "காலை ஆறு மணி" என்று மட்டும் முடிவு செய்துவிட்டுப் போகின்றன. முகத்துவாரத்தில் கடிகாரத்தைவிட ஓதம்தான் முக்கியம். கடல் வற்றும்போது சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும், கரையோரப் பறவைகள் அங்கே இறங்கி மேயும். கடல் ஏறும்போது அதே இடம் தண்ணீருக்குள் போய்விடும், பறவைகள் எங்காவது மேட்டில் ஒடுங்கி ஒற்றைக் காலில் தூங்கும், அல்லது வேறு இடத்துக்குப் பறந்துவிடும். சென்னையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை வற்றம். வற்றம் வரும் நேரம் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும். ஏழு நாளுக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் வருகிறது. அதாவது இந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே ஏழு மணிக்கு ஏற்றத்தில் இருக்கும், அதற்கடுத்த ஞாயிறு மறுபடி வற்றம். எனவே பொங்கலுக்குப் பின் எந்த ஞாயிறு என்பதைச் சென்னைத் துறைமுகத்தின் ஓத அட்டவணையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. வற்றத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டால் திட்டு ஒவ்வொன்றாக வெளியே வருவதையும் பறவை ஒவ்வொன்றாக இறங்குவதையும் பார்க்கலாம், பிள்ளைகளுக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. முகத்துவாரத்தை மணல் அடைத்திருந்தால் ஓதம் உள்ளே வராது, மேலே சொன்ன கணக்கு செல்லாது. வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியில் ஆற்றில் நீரோட்டம் இருப்பதால் பொதுவாக வாய் திறந்திருக்கும்.

அடுத்தது வெயில். ஆறு கிழக்கே கடலில் சேருகிறது. காலையில் திரு.வி.க. பாலத்தில் நின்று முகத்துவாரத்தைப் பார்த்தால் சூரியன் நேராகக் கண்ணில் அடிக்கும், எல்லாப் பறவையும் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். காலை என்றால் கடல் பக்கமாக, உடைந்த பாலத்தை ஒட்டிய மணலில் நின்று மேற்கே பாருங்கள், வெயில் முதுகில் விழும், கால் நிறம் அலகு நிறம் எல்லாம் துல்லியமாகத் தெரியும். பாலத்தில் இருந்து பார்க்க மாலைதான் நல்லது, ஆனால் நடைபாதையில் 25 பேர் நின்றால் மற்றவர்கள் நடக்க இடமிருக்காது, கனரக வண்டி போகும்போதெல்லாம் பாலம் அதிர்வதால் பைனாகுலரும் ஆடும்.

உடைந்த பாலத்தின் மேல் ஏற வேண்டாம். 1967-இல் கட்டி 1977-இல் வெள்ளத்தில் ஒரு பகுதி போனது, அதன் பிறகு சரி செய்யப்படவே இல்லை. கைப்பிடிச் சுவர் பல இடத்தில் கிடையாது. பிள்ளைகளோடு போகும் குழுவுக்கு அது இடமில்லை. பக்கத்து மணலில் நின்றாலே போதும்.

தென்சென்னைக்காரர்

நல்ல முயற்சி, தடுக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ஆனால் முதல் தடவை பறவை பார்க்கிறவர்களை, அதுவும் குழந்தைகளை, ஏன் சாக்கடை கலக்கும் ஆற்றுக்குக் கூட்டிப் போக வேண்டும்? பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்திருக்கிறது, பெரும்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. பூநாரை, ஊசிவால் வாத்து, நாமக்கோழி என்று சாலையோரத்தில் நின்றே பார்க்கலாம். கொஞ்சம் தூரம் போகலாம் என்றால் வேடந்தாங்கல். முதல் அனுபவம் நன்றாக இருந்தால்தான் திரும்ப வருவார்கள். அடையாற்றில் வற்றம் இருக்கும்போது நாற்றமும் கூடவே இருக்கும், அதை யாரும் சொல்வதில்லை.

உள்ளான்

நாற்றம் இருக்கும், உண்மைதான். சேறு வெளியே தெரியும் நேரத்தில் இன்னும் அதிகம். காற்று கடலில் இருந்து வீசும்போது கடல் பக்கம் நிற்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது, அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்க இதுவும் ஒரு காரணம்.

ஆனாலும் நான் அடையாறுதான் என்பேன். பள்ளிக்கரணைக்கு வேன் வைத்துப் போனால் வருடத்துக்கு ஒரு முறை போவீர்கள். மந்தைவெளியில் இருப்பவர்களுக்கு முகத்துவாரம் வாரா வாரம் போகக்கூடிய இடம். ஒரே இடத்தை அக்டோபரில், ஜனவரியில், ஏப்ரலில் என்று திரும்பத் திரும்பப் பார்க்கும்போதுதான் எது வலசை வந்தது, எது இங்கேயே இருப்பது என்பது தானாகப் பிடிபடும். ஆகஸ்ட் கடைசியில் இருந்தே உள்ளான்கள் வந்து இறங்க ஆரம்பிக்கும், மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும். ஊரில் ஓடுகிற ஆற்றை அந்த ஊர்க்காரர்கள் யாரும் பார்க்காமல் இருந்தால் அதன் கரையில் எது நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது. இதை மனதார நம்புகிறேன்.

சாக்கடை ஆற்றில் ஏன் இத்தனை பறவை என்று பிள்ளைகள் கண்டிப்பாகக் கேட்பார்கள். கழிவுநீரோடு வரும் சத்துகள் சேற்றில் படிகின்றன, அதில் புழுக்களும் சிறு பூச்சிகளின் இளம்புழுக்களும் ஏராளமாகப் பெருகுகின்றன, அவற்றைத் தின்னப் பறவைகள் வருகின்றன. அதிலும் நெடுங்கால் உள்ளான் அழுக்குத் தண்ணீரையும் தாங்கிக்கொள்ளும் பறவை. எனவே கூட்டம் பெரிதாக இருப்பதை வைத்து ஆறு நலமாக இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். எத்தனை வகை இருக்கிறது, மீன் பிடித்துத் தின்னும் பறவைகள் எவ்வளவு, அவை எங்கே நின்று மீன் பிடிக்கின்றன, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுமார் 42 கிலோமீட்டர் ஓடி வரும் ஆறு இது, செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் இதில்தான் வருகிறது. மேலே மணப்பாக்கம், நந்தம்பாக்கம் பக்கத்தில் இருக்கும் பறவைகள் வேறு, சைதாப்பேட்டைப் பாலத்தடியில் வேறு, கடல் உப்பு ஏறும் முகத்துவாரத்தில் வேறு. ஒரு நாள் வெளியே போகிற குழுவுக்கு முகத்துவாரம் போதும், மற்ற இடங்களைப் பிறகு பாருங்கள்.

உடல்நலம் பற்றி: தண்ணீரில் இறங்கக் கூடாது, சேற்றைத் தொடக் கூடாது, மூடிய காலணி, திரும்பியதும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. இவ்வளவு கவனம் போதும், பயப்பட ஒன்றுமில்லை.

பட்டினப்பாக்கம் கடலோடி

நாங்கள் சீனிவாசபுரத்துக்காரர்கள். வருகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் இருந்து சில விஷயம் சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்களுக்கு வேலை நேரம். படகு கரை ஏறும், வலையில் இருந்து மீன் கழற்றுவோம், மீன் வாங்க ஆட்கள் வருவார்கள். வண்டியைக் கொண்டுவந்து படகு இழுக்கிற வழியில் நிறுத்தாதீர்கள். மணலில் விரித்திருக்கும் வலையை மிதிக்காதீர்கள், ஒரு கண்ணி அறுந்தாலும் உட்கார்ந்து தைக்கிறவர் எங்கள் வீட்டுப் பெரியவர். அப்புறம் கேமரா. பறவையைப் படம் எடுக்க வருகிறவர்கள் அதே லென்ஸைத் திருப்பி எங்கள் வீடு, குளிக்கிறவர்கள், துணி துவைக்கிற பெண்கள் என்று எடுக்கிறார்கள். கேட்காமல் எடுக்கக் கூடாது. கேட்டு எடுத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டோம், என் படகையே நன்றாக நிறுத்திக் காட்டுவேன்.

மீன் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பறவை. முகத்துவாரம் திறந்திருக்கும்போது கடலில் இருந்து மடவைக் குஞ்சு ஆற்றுக்குள் ஏறும், இறாலும் ஏறும். அது ஏறுகிற நேரத்தில் கொக்கு, நாரை எல்லாம் வாய்ப் பக்கத்திலேயே வரிசை கட்டி நிற்கும், ஆலா மேலே இருந்து விழுந்து விழுந்து எடுக்கும். வாய் அடைத்துவிட்டால் உள்ளே தண்ணீர் கெட்டுப்போகும், சில சமயம் மீன் செத்து மிதக்கும். எங்களுக்கும் மீன் இல்லை, பறவைக்கும் இல்லை. அதனால் வாய் திறந்திருக்கிறதா என்று வருவதற்கு முந்தின நாளே எங்களை யாராவது ஒருவரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

வாய் ஓரத்து மணலை நம்ப வேண்டாம். மேலே பார்த்தால் கெட்டியாக இருக்கும், அடியில் ஓட்டம் அரித்திருக்கும், பிள்ளைகள் விளிம்பில் ஓடினால் சரிந்துவிடும். வற்றத்தில் ஆறு கடலுக்குள் இழுக்கிற இழுப்பு பெரியவர்களையே கொண்டு போகும். மழை பெய்து ஏரியில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் அந்த வாரம் வரவே வேண்டாம். 2015 டிசம்பரில் இந்த ஆறு என்ன செய்தது என்று பார்த்தவர்கள் நாங்கள்.

எங்கள் குப்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பறவை எந்தத் திட்டில் எப்போது இறங்கும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும், பைனாகுலரில் பார்க்கத்தான் வாய்ப்பு கிடைத்ததில்லை.

மந்தைவெளி வாசகி

அண்ணா, இதையெல்லாம் நீங்கள் சொன்னது ரொம்ப உதவி. படகு, வலை, கேமரா மூன்றையும் பற்றி வருகிற எல்லோருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், வண்டியே எடுக்காமல் நடந்துதான் வருவோம். பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்வது எங்களுக்கும் சந்தோஷம், எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் சொன்னால் பிஸ்கட், தண்ணீர் அதற்கேற்ப வாங்கிவிடுவோம்.

25 பேர் ஒரே இடத்தில் நின்றால் பறவை பறந்துவிடாதா? பிரிந்து போவதென்றால் எப்படிப் பிரிப்பது? கூட்டிப் போகிற அளவுக்குப் பறவை தெரிந்தவர் எங்களில் ஒருவர்தான் இருக்கிறார், அவரும் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஆர்வத்தில் கற்றுக்கொண்டவர். பள்ளிக்கரணை யோசனை சொன்னவருக்கும் நன்றி, பிப்ரவரியில் அங்கேயும் போகலாம் என்று இருக்கிறோம்.

பள்ளி டீச்சர்

பிள்ளைகளைக் கூட்டிப் போன பழக்கத்தில் சொல்கிறேன். கூட்டம் பறவையை விரட்டுவதில்லை, அசைவும் உயரமும்தான் விரட்டும். 25 பேர் மணலில் உட்கார்ந்திருந்தால் கால் மணி நேரத்தில் பறவைகள் பழையபடி மேய ஆரம்பித்துவிடும், இரண்டே பேர் கையை நீட்டிக்கொண்டு நடந்து போனால் மொத்தத் திட்டும் காலியாகிவிடும். ஆகவே நடையைக் குறையுங்கள். பட்டினப்பாக்கம் பக்கம் ஓரிடம், கடல் பக்கம் ஓரிடம் என்று இரண்டே நிறுத்தம், இரண்டிலும் நன்றாக உட்காருங்கள். பெரியவர்களுக்கு மடக்கு நாற்காலி கொண்டு போங்கள், அவர்கள் முதல் இடத்திலேயே கடைசி வரை இருக்கலாம், பல நேரம் அதிகம் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.

இரண்டு குழுவாகப் பிரியுங்கள், ஆனால் பிள்ளைகள் ஒரு குழு, பெரியவர்கள் ஒரு குழு என்று வேண்டாம், கலந்து பிரியுங்கள். தெரிந்தவர் ஒருவர்தான் என்றால் அவர் பாதி நேரம் அங்கே, பாதி நேரம் இங்கே. இன்னொரு குழு அந்த நேரத்தில் பெயர் தெரியாமலே பார்க்கட்டும். கால் என்ன நிறம், அலகு நேரா வளைவா, தண்ணீரில் எதுவரை நிற்கிறது, எப்படி இரை எடுக்கிறது என்று நோட்டில் எழுதி, தெரிந்த அளவு வரையட்டும். தெரிந்தவர் வந்ததும் அந்தக் குறிப்பை வைத்துப் பெயர் சொல்வார். இப்படிக் கற்றுக்கொண்ட பெயரைப் பிள்ளைகள் மறப்பதில்லை, விரலை நீட்டி இது இன்னது என்று சொன்னால் வீடு போகும்போதே மறந்துவிடும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். ஒருத்தி நேரம் எழுதுவாள், ஒருவன் நெடுங்கால் உள்ளானை மட்டும் எண்ணுவான், இன்னொருத்தி வானத்தை மட்டும் பார்ப்பாள், பருந்தும் கூழைக்கடாவும் தலைக்கு மேல் போவதைச் சேற்றையே பார்க்கிறவர்கள் தவற விடுவார்கள். பைனாகுலர் இரண்டுதான் என்பது குறையில்லை, முறை வைத்துக் கொடுங்கள். யாரிடமாவது கடன் வாங்க முடிந்தால் 8×42 அளவில் பாருங்கள். எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்பக்கக் கண்ணாடி 42 மில்லிமீட்டர் விட்டம் என்று பொருள். பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று போனால் கை நடுக்கமும் அத்தனை மடங்கு பெரிதாகும், பிள்ளைகளால் பறவையைப் பிடிக்கவே முடியாது. யாரிடமாவது முக்காலியோடு ஸ்பாட்டிங் ஸ்கோப் (ஒற்றைக் கண்ணால் பார்க்கும் தொலைநோக்கி) இருந்தால் அது ஒன்றே எல்லோருக்கும் போதும்.

எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பதை அடி கணக்கில் சொல்ல முடியாது. மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் வரிசையாகத் தலையைத் தூக்கி நின்றால் நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள், அங்கேயே நின்று மெதுவாகப் பின்னால் வாருங்கள். இந்தப் பறவைகளில் பல வடக்கே வெகுதூரம் திரும்பிப் போக வேண்டியவை, அதற்கான கொழுப்பை இங்கேதான் சேர்க்கின்றன, ஒவ்வொரு முறை விரட்டும்போதும் அதில் கொஞ்சம் வீணாகிறது. போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது வேண்டவே வேண்டாம்.

உள்ளான்

பறவை அடையாளம் பற்றி அந்த ஓய்வு பெற்றவருக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன். குளிர்காலத்தில் கரையோரப் பறவைகள் பெரும்பாலும் மங்கலான சாம்பல், பழுப்பு. புத்தகத்தில் இருக்கும் பளபளப்பான படத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் வரும். உடல் நிறத்தை விட்டுவிட்டு கால், அலகு, நடை, குரல் இவற்றைப் பிடியுங்கள்.

கல்லிலும் கரையோரச் சுவரிலும் தனியாக நின்றுகொண்டு, பின்பாகத்தை ஓயாமல் மேலும் கீழும் ஆட்டுவது சாதாரண உள்ளான். பறக்கும்போது தண்ணீரை ஒட்டித் தாழ்வாக, இறக்கையை வளைத்துப் பிடித்துக்கொண்டு சின்னச் சின்னதாக அடித்துப் போகும், அந்தப் பறத்தலை ஒரு முறை பார்த்துவிட்டால் பிறகு தூரத்தில் இருந்தே சொல்லிவிடலாம். முதுகில் வெள்ளைப் புள்ளி தூவினாற்போல் இருந்து, பறக்கும்போது வாலடி வெள்ளையாகத் தெரிந்தால் பொரி உள்ளான்.

பச்சைக்காலி இவற்றைவிடப் பெரியது, கால் மங்கிய பச்சை, அலகு கொஞ்சம் மேல்நோக்கி வளைந்திருக்கும். பறந்ததும் தியூ தியூ தியூ என்று உரக்க மூன்று தடவை கத்தும், பல நேரம் கண்ணுக்கு முன் காதுக்குத்தான் அது வரும். அதே மாதிரி ஆனால் மெலிந்து, ஊசி போன்ற நேர் அலகோடு இருந்தால் சதுப்பு உள்ளான். கால் ஆரஞ்சுச் சிவப்பாக இருந்து, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகலமான வெள்ளைப் பட்டை தெரிந்தால் பவளக்காலி.

கடல் பக்கம் மணல்திட்டில் கடற்காகங்கள் உட்கார்ந்திருக்கும். பழுப்புத்தலைக் கடற்காகத்துக்குக் குளிர்காலத்தில் தலை பழுப்பாக இருக்காது, கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கறை மட்டும் இருக்கும். இறக்கை நுனி கறுப்பு, அதில் வெள்ளைப் பொட்டு. லடாக், திபெத் போன்ற மேட்டு நில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே வருகின்றன. மார்ச்சில் சிலவற்றுக்குத் தலை பழுப்பாக மாற ஆரம்பிக்கும், பிள்ளைகளை அப்போது இன்னொரு முறை கூட்டி வாருங்கள், அதே பறவையா இது என்று கேட்பார்கள். பக்கத்திலேயே மெலிந்த உடலும் கூரான இறக்கையுமாக நீர்மேல் தாழ்ந்து தாழ்ந்து பறப்பது மீசை ஆலா. அதற்கும் இப்போது மீசை தெரியாது.

வலசை வராத ஊர்ப் பறவைகளையும் விட்டுவிடாதீர்கள். குருட்டுக்கொக்கு சேற்று நிறத்தில் அசையாமல் நிற்கும், பறந்தால் திடீரென்று முழு வெள்ளை. வக்கா பகலில் மரத்தில் தூங்கும், சாயங்காலம் கிளம்பும். வெண்மார்பு மீன்கொத்தி, கரும்வெள்ளை மீன்கொத்தி, சிரல் மூன்றையும் ஒரே காலையில் பார்க்க வாய்ப்பு உண்டு. கரும்வெள்ளை மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் இறக்கையடித்து நின்றுவிட்டு செங்குத்தாக விழும், கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல் கிடைக்கும். பறவையின் பெயர் சொல்லும் மெர்லின் செயலி துணைக்கு இருக்கட்டும், தூரத்துப் பறவையின் மங்கலான படத்தைக் கொடுத்துவிட்டு அது சொல்வதை அப்படியே எழுதிவிடக் கூடாது.

கூழைக்கடா

ஒன்று விட்டுப்போனது. இவ்வளவு தூரம் போகிறீர்கள், பட்டியலை இ-பேர்டில், அதாவது எல்லோரும் பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளத்தில், ஏற்றுங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987-இல் தொடங்கியது. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையை ஒட்டிப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் 2015 முதல் நடக்கிறது. உங்கள் ஞாயிறு அந்த நாட்களில் அமைந்தால் அதிலும் சேரும், அமையாவிட்டாலும் பட்டியலுக்கு மதிப்பு உண்டு. தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம் இருந்தீர்கள், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், அடையாளம் தெரிந்த எல்லாப் பறவையும், ஒவ்வொன்றும் எத்தனை. காக்கையும் மைனாவும் உட்பட. காக்கையை எழுதாவிட்டால் அது முழுப் பட்டியல் ஆகாது.

எண்ணுவது இப்படி: நெடுங்கால் உள்ளான் கூட்டத்தில் முதலில் பத்தை ஒவ்வொன்றாக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அதே அளவு இடத்தைத் திட்டு முழுக்கத் தள்ளித் தள்ளி வைத்து எண்ணுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணட்டும், ரொம்ப வித்தியாசம் வந்தால் மறுபடி எண்ணுங்கள். "நிறைய" என்று எழுதினால் அடுத்த வருடம் ஒப்பிட முடியாது. இரண்டு குழுவும் ஒரே கூட்டத்தைத் தனித்தனிப் பட்டியலில் ஏற்றி இரட்டிப்பாக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் 1978-இல் இருந்து மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இயங்குகிறது, அவர்களும் பறவை பார்க்கக் குழுவாகப் போகிறார்கள். உங்களில் ஆர்வம் பிடித்தவர்கள் அவர்களோடு சில முறை போய் வந்தால் அடுத்த குளிர்காலத்துக்குள் உங்கள் தெருவிலேயே கூட்டிப் போகத் தெரிந்தவர்கள் மூன்று நான்கு பேர் உருவாகிவிடுவார்கள். தென்கரையில் பிரம்மஞான சபையின் தோட்டம் ஆற்றை ஒட்டியே இருக்கிறது, வடக்கே தொல்காப்பியப் பூங்கா இருக்கிறது, மரப் பறவைகளுக்கு இரண்டும் நல்ல இடம், ஆனால் இரண்டிலும் நேரமும் அனுமதியும் முன்னாலேயே கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும்.

மந்தைவெளி வாசகி

எல்லோருக்கும் நன்றி. ஓத அட்டவணையைப் பார்த்தோம், பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு ஒத்து வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறு காலை வற்றம் சரியாக வருகிறது, அதையே வைத்துக்கொண்டோம். சூரியன் ஆறரை மணிவாக்கில்தான் உதிக்கிறது, ஆறே காலுக்கு மந்தைவெளியில் கிளம்பி நடக்கிறோம். முதலில் பட்டினப்பாக்கம் பக்கம், பிறகு முன்னேற முடிகிறவர்கள் மட்டும் கடல் பக்கம். உடைந்த பாலம் இந்தத் தடவை இல்லை. கடலோடி அண்ணா, வாய்க்குப் பக்கத்தில் எந்த மணல் கெட்டி என்று காட்ட நீங்களோ உங்கள் வீட்டில் யாராவதோ கூட நின்றால் எங்களுக்குத் தைரியம்.

பட்டினப்பாக்கம் கடலோடி

அன்றைக்கு நான் கடலுக்குப் போவேன், ஏழரைக்குள் கரை ஏறிவிடுவேன். அதுவரை என் தம்பி நிற்பான், அவனிடம் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் பத்துப் பேர் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், பிஸ்கட்டை அதற்குத் தகுந்த மாதிரி வாங்குங்கள். டீ எங்கள் தெருக்கடையிலேயே சொல்லிவிடலாம், முந்தின நாள் எத்தனை டம்ளர் என்று மட்டும் சொல்லுங்கள்.